ஆண்டிஸ் மலையின் குரல்: வாசகர் கேள்வி – பதில்

வெகுதூரம் எட்டும் சிற்றலை வானொலிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் இயங்கிய ஹெச்.சி.ஜே.பி. என்னும் கிறிஸ்தவ வானொலியைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு நிலையத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வாசகி, பாளையங்கோட்டை: என் தந்தையார் காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஓர் அட்டை கிடைத்தது. ஒரு பக்கத்தில் மலைப் படம் இருக்கிறது. மறுபக்கத்தில் ‘ஹெச்.சி.ஜே.பி., காசில்யா 691, கித்தோ, ஈக்வடார்’ என்ற முகவரியும், தேதி, நேரம், அலைவரிசை ஆகியவையும் இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த நாட்டுக்குப் போனதில்லை. இது என்ன அட்டை? அந்த நிலையம் எப்படித் தோன்றியது?

உங்கள் தந்தையார் பத்திரப்படுத்தி வைத்திருந்தது, வானொலி நேயர்கள் ‘வண்ண அட்டை’ என்றும் ‘கியூ.எஸ்.எல். அட்டை’ என்றும் சொல்லும் சான்று. தொலைதூர நிலையம் ஒன்றைக் கேட்டவர், எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில், என்ன நிகழ்ச்சியைக் கேட்டார் என்பதையும், ஒலி எவ்வளவு தெளிவாக இருந்தது, இரைச்சல் எவ்வளவு குறுக்கிட்டது என்பதையும் எழுதி அனுப்புவார். நிலையத்தார் அதைத் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவர் கேட்டது தங்கள் நிலையத்தைத்தான் என்று உறுதிசெய்து அட்டை அனுப்புவார்கள். பாளையங்கோட்டை கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகைக்கு அருகில் இருக்கிறது. ஈக்வடாரின் தலைநகரான கித்தோ மேற்குத் தீர்க்கரேகை 78 பாகைக்கு அருகில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவிலிருந்து வந்த குரலை ஒரு வீட்டு ரேடியோவில் பிடித்து, கேட்டதைக் குறித்து, தபால் செலவு செய்து அனுப்பிய பொறுமைக்குக் கிடைத்த மறுமொழி அது.

நிலையத்தின் கதை அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் தொடங்குகிறது. கிளாரன்ஸ் ஜோன்ஸ் 1900இல் பிறந்தவர். இரட்சணிய சேனைக் குடும்பத்தில் வளர்ந்தவர். டிரம்போன் வாசிப்பதில் தேர்ந்தவர். சிகாகோவில் பால் ரேடர் என்னும் போதகர் 1922ஆம் ஆண்டிலேயே வானொலியில் பிரசங்கம் செய்யத் தொடங்கியபோது, அவருடைய ஊழியத்தில் ஜோன்ஸ் இசைக்கலைஞராக இருந்தார். சபைக்கு ஒருநாளும் வராதவர்களின் வீட்டுக்குள் குரல் போய்ச் சேருவதை அங்கே அருகிலிருந்து பார்த்த அவருக்கு, ஒரு மிஷனரி கால்நடையாகப் போக வருடங்கள் ஆகும் மலைநாடுகளுக்கும் இதே வழியில் போகலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1928இல் அவர் வெனிசுவேலா, கொலம்பியா, பனாமா, கியூபா ஆகிய நாடுகளுக்குச் சென்று அனுமதி கேட்டார். நான்கு நாடுகளிலும் கதவு திறக்கவில்லை. அவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

ஈக்வடாரில் ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டிருந்த ரூபன் லார்சன் என்பவரே அடுத்த வழியைக் காட்டினார். அந்நாட்டில் 1895இல் நடந்த தாராளவாதப் புரட்சிக்குப் பிறகு 1906ஆம் ஆண்டு அரசியலமைப்பு அரசையும் கத்தோலிக்கத் திருச்சபையையும் பிரித்துவிட்டிருந்ததால், சீர்திருத்தச் சபையினர் அங்கே இயங்க ஓரளவு இடமிருந்தது. லார்சன் அதிகாரிகளோடு பேசிப் பேசி, 1930இல், இசிட்ரோ அயோரா குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், உரிமத்தைப் பெற்றார். லார்சனையும் அவரோடு பாடுபட்ட ஸ்டூவர்ட் கிளார்க்கையும் விட்டுவிட்டு ஜோன்ஸை மட்டும் நிறுவனராகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஊர் மொழி தெரிந்து, ஊர் மனிதர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தவர் இல்லாவிட்டால் அந்த ஒலிபரப்புக் கருவி கப்பலைவிட்டே இறங்கியிருக்காது.

1931 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் அன்று, கித்தோவில் முதல் ஒலிபரப்பு ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. கருவியின் திறன் 200 வாட். ஒரு பெரிய மின்விளக்குக்குத் தேவைப்படும் அளவுதான். ஆட்டுக் கொட்டிலாக இருந்த இடத்தில் அதை வைத்திருந்தார்கள். அன்று அந்த நாட்டில் ரேடியோ வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஈக்வடாரில் அன்றாடம் நிகழ்ச்சி ஒலிபரப்பிய முதல் நிலையமும், உலகில் மிஷனரிப் பணிக்கென்றே எழுந்த முதல் கிறிஸ்தவ வானொலியும் இதுவே. அட்டையிலுள்ள நான்கு எழுத்துகளில் முதல் இரண்டும் சர்வதேச உடன்பாட்டின்படி ஈக்வடாருக்கு உரியவை. அவற்றோடு வேறு இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு, ‘இன்று கிறிஸ்து இயேசு ஆசீர்வதிக்கிறார்’ என்று பொருள்படும் ஸ்பானிய வாக்கியத்தின் முதலெழுத்துகளாக அதை அமைத்தார்கள். நேயர்களிடம் பரவிய பெயர் ‘ஆண்டிஸ் மலையின் குரல்’ என்பதே.

வாசகர், நாசரேத்: அந்த நிலையத்தில் விளம்பரமே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மின்கட்டணத்தை யார் கட்டினார்கள்? ‘நேயர்கள் தாங்கும் வானொலி’ என்பது உண்மையா, வெறும் பெயரா?

இந்த நிலையத்தின் வரலாற்றில் நான் அதிகம் யோசித்தது இந்தக் கேள்வியைத்தான்.

நிலையத்தை நடத்துவதற்காக 1931 மார்ச் மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து லைமா என்னும் ஊரில், உலக வானொலி மிஷனரி ஐக்கியம் என்ற அமைப்பு பதிவு செய்யப்பட்டது. விளம்பரம் விற்பதில்லை என்பதும், மக்கள் மனமுவந்து தரும் காணிக்கையில் நடப்பது என்பதும் அதன் முறை. கித்தோவுக்குப் போன பொறியாளர், அறிவிப்பாளர், செவிலியர் ஆகியோருக்கு நிலையம் தன் வருமானத்திலிருந்து சம்பளம் கொடுத்ததில்லை. ஒவ்வொருவரும் தம் சொந்த ஊர்ச் சபைகளுக்கும் நண்பர்களுக்கும் கடிதம் எழுதி, மாதந்தோறும் தாங்குவதாக வாக்களித்தவர்களைத் தேடிக்கொண்டே புறப்பட வேண்டும். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1903இல் வே. ச. அசரியாவும் அவருடைய தோழர்களும் தொடங்கிய இந்திய மிஷனரிச் சங்கம், நம் ஊர்ச் சபைகள் கொடுத்த காணிக்கையிலேயே வெளியூருக்கு மிஷனரிகளை அனுப்பியது. ‘தாங்குதல்’ என்ற சொல்லுக்கு நம் சபைகளில் என்ன பொருளோ, அதே பொருள்தான் அங்கும்.

ஆனால் ‘நேயர்கள் தாங்கும்’ என்ற தொடரில் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. சிகாகோவில் மூடி வேதாகமக் கல்லூரி 1926இல் தொடங்கிய டபிள்யூ.எம்.பி.ஐ. வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் விளம்பரமின்றிக் காணிக்கையால் நடப்பது. அங்கே கேட்கிறவரும் கொடுக்கிறவரும் ஒருவரே. நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் காணிக்கை நின்றுவிடும்; பிடித்தால் கூடும். கித்தோவின் நிலைமை அப்படியில்லை. பணம் கொடுத்தவர் பெரும்பாலும் ஒஹையோவிலோ இலினோயிலோ இருந்தார். கேட்டவர் மலைச்சரிவில் உருளைக்கிழங்கு பயிரிடும் கிச்வா மொழிக்காரராகவோ, வேறொரு கண்டத்தில் நள்ளிரவில் ரேடியோவின் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தவராகவோ இருந்தார். கொடுத்தவர் தாம் கொடுத்ததன் பலனைக் காதால் கேட்க முடியாது. கேட்டவருக்கோ, யாருடைய பணத்தில் தமக்கு இது வருகிறது என்று தெரியாது. அந்த மலைமக்களில் பலருக்கு ரேடியோ வாங்கவே வசதியில்லாதிருந்ததால், இந்த ஒரு நிலையத்தை மட்டும் பிடிக்கும்படி அலைவரிசையை முன்னதாகவே பொருத்திய மலிவான ரேடியோக்களை நிலையத்தாரே ஊர்களில் கொடுத்துவைத்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இவர்களை ‘தாங்கும் நேயர்கள்’ என்று எப்படிச் சொல்வது?

இரு தரப்பையும் இணைத்த ஒரே பாலம் கடிதம். நிலையத்துக்கு வந்த ஒவ்வொரு கடிதமும் இரண்டு வேலை செய்தது. ஒலி எங்கே எப்படிச் சேர்ந்தது என்பதைப் பொறியாளர் அதன் மூலம் அறிந்து, ஏரியலின் திசையையும் அலைவரிசையையும் திருத்தினார். அதே கடிதத்தின் செய்தி வட அமெரிக்காவிலுள்ள சபைகளுக்கு அறிக்கையாகப் போய், ‘நீங்கள் கொடுத்த பணம் வீணாகவில்லை, இந்த நாட்டில், இந்த ஊரில் ஒருவர் கேட்டிருக்கிறார்’ என்று சொன்னது. கடிதங்கள் நின்றிருந்தால் காணிக்கையும் நின்றிருக்கும். ஆகவே பாளையங்கோட்டை வாசகிக்கு ஒன்று சொல்லுவேன்: உங்கள் தந்தையார் அந்த நிலையத்துக்கு ஒரு காசும் அனுப்பியிருக்க வேண்டியதில்லை, கேட்டதைக் கவனமாக எழுதி அனுப்பிய அளவிலேயே அவர் அதைத் தாங்கியவர்களில் ஒருவராகிவிட்டார்.

இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பணம் தருகிறவருக்குப் பிடித்ததும் கேட்கிறவருக்குத் தேவைப்படுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. உருக்கமான கடிதம் அறிக்கையில் இடம்பெறும். ‘உங்கள் நிகழ்ச்சி எனக்குப் புரியவில்லை’ என்ற கடிதம் இடம்பெறுவது அரிது. தொலைவிலிருந்து தாங்கப்படும் எந்த ஊழியத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. நம் நாட்டு ஊழியங்களும் அதற்கு விலக்கல்ல.

பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்: ஹாம் வானொலி (தனிமனிதர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) பயில்கிறேன். ‘கியூபிக்கல் குவாட்’ ஏரியல் இந்தக் கிறிஸ்தவ நிலையத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று மூத்த ஹாம் ஒருவர் சொன்னார். நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். அது கண்டுபிடிக்கப்பட்ட விதம் அருமையானது என்பதால் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

கித்தோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலத்தைவிட 600 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் தொடங்கும் முன்பு, பூமத்தியரேகைக்கு அருகிலும் மலைகளுக்கு நடுவிலும் ஒலிபரப்புக் கருவியை வைக்கவேண்டாம் என்றே அறிந்தவர்கள் எச்சரித்தார்கள். பின்னாளில் அது தவறான எச்சரிக்கை என்று தெரிந்தது. துருவப் பகுதிகளின் மேல்வானத்தில் ஏற்படும் காந்தக் கொந்தளிப்பு சிற்றலையை விழுங்கிவிடும். பூமத்தியரேகையில் உள்ள நிலையம் இரு துருவங்களிலிருந்தும் விலகியிருப்பதால், வடக்கே வட அமெரிக்காவுக்கும் தெற்கே அர்ஜென்டினாவுக்கும் அதன் அலை தடையின்றிப் போயிற்று. உயரமான இடமாக இருந்ததும் நன்மையாகவே முடிந்தது.

ஆனால் அதே உயரம் வேறொரு தொல்லையைக் கொண்டுவந்தது. 1940இல் நிலையம் 10 கிலோவாட் திறனுக்கு உயர்ந்தது. அலையை ஒரே திசையில் குவித்து அனுப்புவதற்காக, நம் வீட்டு மாடிகளில் ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கென நின்றிருந்த மீன்முள் ஏரியலைப் போன்ற பெரிய ஏரியலை நிறுத்தினார்கள். அத்தகைய ஏரியலில், உலோகக் குழாய்களின் முனைகளில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். கடற்கரை ஊரில் அடர்ந்த காற்று அதைத் தாங்கிக்கொள்ளும். கித்தோவின் மெல்லிய காற்றோ தாங்கவில்லை. குழாய் முனைகளிலிருந்து மின்பொறி தீக்கொழுந்துபோல் கிளம்பியது. அலுமினியம் உருகி வழிந்தது. இரவில் அது எரிவதைத் தூரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்க, நிலையம் தன் ஏரியலையே தின்றுகொண்டிருந்தது.

கிளாரன்ஸ் மூர் என்ற பொறியாளர் (நிறுவனர் ஜோன்ஸுக்கும் இவருக்கும் முதற்பெயர் ஒன்றே, குழம்ப வேண்டாம்) 1942இல் பசிபிக் கரையிலுள்ள போசோர்கா என்ற சிற்றூருக்கு ஓய்வுக்காகப் போனபோது, கட்டுக்கட்டாகப் பொறியியல் நூல்களையும் கூடவே எடுத்துச் சென்றார். அங்கே உட்கார்ந்து யோசித்து அவர் கண்ட விடை எளியது: முனையில்தான் பொறி கிளம்புகிறது என்றால், முனையே இல்லாத ஏரியலைச் செய்துவிடலாம். நேர்க்கோட்டுக் குழாய்க்குப் பதிலாகக் கம்பியைச் சதுர வளையமாக வளைத்து, பக்கம் ஒவ்வொன்றும் அலைநீளத்தில் கால் பங்கு இருக்கும்படி அமைத்து, அத்தகைய இரண்டு சதுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால், அலை ஒரே திசையில் குவியவும் செய்யும். திறந்த முனை இல்லாததால் பொறியும் கிளம்பாது. கித்தோவுக்குத் திரும்பிச் சேர்ந்ததும் அதைக் கட்டிப் பார்த்தார்கள். எரிவது நின்றது.

மூருக்கு 1951இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, 1947இல், அவர் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரில் தொடங்கிய நிறுவனமே ‘கிரௌன்’ என்ற பெயரில் ஒலிபெருக்கிக் கருவிகளுக்குப் புகழ்பெற்றது. நீங்கள் மொட்டை மாடியில் மூங்கிலும் செப்புக் கம்பியும் வைத்துக் குவாட் கட்டப் போகிறீர்களானால், அந்த வடிவத்தை நமக்குத் தந்தது கித்தோவின் மெல்லிய காற்று என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் நிலையம் அமைந்திருந்தால் அதற்குத் தேவையே எழுந்திருக்காது.

வாசகர், மதுரை: வெளிநாட்டுப் பணத்தில் ஏழை நாட்டு மக்களை மதம் மாற்றிய பிரசாரக் கருவி என்றுதானே இதைச் சொல்ல வேண்டும்? நீங்கள் புகழ்ந்தே எழுதுகிறீர்களே.

நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்லுகிறேன். சுவிசேஷம் அறிவிப்பதே தங்கள் நோக்கம் என்பதை அந்த நிலையத்தார் ஒருபோதும் மறைக்கவில்லை. அவர்கள் பெயரிலேயே அது இருந்தது. ஆகவே பிரசாரம் என்று நீங்கள் சொல்வதை மறுக்க ஒன்றுமில்லை. அந்தச் சொல்லோடு கணக்கை முடித்துவிட முடியுமா என்பதுதான் எனக்குள்ள கேள்வி. 1955இல் கித்தோவிலும், 1958இல் அமேசான் காட்டின் ஓரத்திலுள்ள ஷெல் என்ற ஊரிலும் அதே அமைப்பு மருத்துவமனைகளைத் திறந்தது. கிச்வா என்பது நகரத்தாரால் தாழ்வாகப் பார்க்கப்பட்ட பழங்குடி மொழி. அந்த மொழியில் நாள்தோறும் ஒலிபரப்பு வந்ததென்பதே அதைப் பேசியவர்களுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது. தன் தாய்மொழியை முதன்முதலாக வானொலியில் கேட்பவருக்கு அது எத்தகைய நிகழ்வு என்பதை மொழிப்பற்றுள்ள நம்மால் உணர முடியும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1956 ஜனவரி 8ஆம் நாள் ஈக்வடாரின் காட்டுக்குள் குராராய் ஆற்றங்கரையில் ஐந்து அமெரிக்க மிஷனரிகள் வவோரானி இனத்தவரால் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி உலகத்துக்குப் பரவியதில் இந்த நிலையத்துக்குப் பங்குண்டு. வெளியுலகத் தொடர்பே வேண்டாமென்று இருந்த ஒரு சிறு இனத்தை நெருங்கியது சரிதானா என்று மானிடவியலாளர்கள் எழுப்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை, ஓயவும் கூடாது. இன்னொன்று: 1962இல் ரியோபாம்பா நகரத்துக் கத்தோலிக்க ஆயர் லியோனிதாஸ் புரோவான்யோ, வானொலிப் பள்ளிகளைத் தொடங்கி, அதே கிச்வா மக்களுக்கு எழுத்தறிவைக் கற்பித்தார். நிலமற்ற உழவர்களின் உரிமையை அவர் பேசிய அழுத்தத்தோடு ஹெச்.சி.ஜே.பி. பேசியதில்லை. அரசின் உரிமத்தில் வாழ்ந்த வெளிநாட்டார் நிலையம் அரசியலைத் தொடாமல் ஒதுங்கியிருந்தது. அந்த எச்சரிக்கைதான் ஆட்சிகள் பல மாறியும் நிலையத்தைக் காப்பாற்றியது; அதுவே அதன் எல்லையாகவும் இருந்தது என்பது என் கருத்து.

வாசகர், மன்னார்: இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் நாங்கள் கேட்ட கிறிஸ்தவத் தமிழ் நிகழ்ச்சிகள் ஈக்வடாரிலிருந்தா வந்தன?

இல்லை. உங்கள் காதுக்கு எட்டியவை வேறு வழிகளில் வந்தவை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கட்டணம் வாங்கிக்கொண்டு நேரம் கொடுத்தது. ‘சத்தியவசனம்’ நிகழ்ச்சியை அந்த வானொலியில் கேட்ட தலைமுறை இரு கரைகளிலும் இன்னும் இருக்கிறது. அடுத்து, ஃபீபா என்னும் அமைப்பு 1970இல் இந்தியப் பெருங்கடலின் சீசெல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பத் தொடங்கியது. தீவில் சமதரை கிடைக்காததால், கரையை ஒட்டிய பவளப்பாறைத் திட்டின்மேல், கடலுக்குள்ளேயே ஏரியல் கோபுரங்களை நிறுத்தினார்கள். பெங்களூரு ஒலிப்பதிவுக் கூடத்தின் துணையோடு இந்திய மொழிகள் பலவற்றில், தமிழ் உட்பட, நிகழ்ச்சிகள் வந்தன. அந்த நிலையம் 2003இல் மூடப்பட்டது. மூன்றாவதாக, டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் அனுப்பியது. மன்னாரிலுள்ள உங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் குரல்போலக் கேட்டிருக்கும்.

இந்த அமைப்புகள் ஒன்றோடொன்று போட்டியிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1985இல் ஹெச்.சி.ஜே.பி., டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ, மணிலாவில் 1948இல் ஒலிபரப்பைத் தொடங்கிய தூரகிழக்கு ஒலிபரப்பு நிறுவனம் ஆகியவை கூடி, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசும் எல்லா மொழிகளிலும் நிகழ்ச்சி வரவேண்டும் என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, எந்த மொழியை யார் ஏற்பது என்று பகிர்ந்துகொண்டன. பின்னர் ஃபீபாவும் அதில் சேர்ந்தது. ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியாகக் காணிக்கையை நம்பி வாழும் சூழலில், இப்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்ள முன்வந்தது எளிதான காரியம் அல்ல.

வாசகர், திருச்சி: அத்தனை பெரிய நிலையம் ஏன் மூடப்பட்டது? இப்போதும் கேட்க முடியுமா?

கித்தோவுக்குக் கிழக்கே பிஃபோ என்னும் இடத்தில் 1950களில் புதிய ஒலிபரப்பு வளாகம் எழுந்தது. பாப்பயாக்தா மலையாற்று நீரில் தங்களுக்கென்று சொந்தப் புனல்மின் நிலையத்தையும் அமைத்துக்கொண்டார்கள். நாசரேத் வாசகர் கேட்ட மின்கட்டணத்துக்கு நாளடைவில் அதுவே விடையாயிற்று. 1981இல் அவர்களுடைய பொறியாளர்களே கட்டிய 500 கிலோவாட் கருவி இயங்கத் தொடங்கியது. 200 வாட்டில் தொடங்கியதிலிருந்து சரியாக 50 ஆண்டுகளில் 2,500 மடங்கு. ஜோன்ஸ் அதைப் பார்த்துவிட்டு 1986இல் மறைந்தார்.

முடிவு எதிர்பாராத திக்கிலிருந்து வந்தது. கித்தோவின் பழைய விமான நிலையம் நகரத்தின் நடுவே நெருக்கடியில் சிக்கியிருந்ததால், தபபேலா என்ற இடத்தில் புதிய விமான நிலையம் கட்ட முடிவாயிற்று. பிஃபோவின் உயர்ந்த ஏரியல் கோபுரங்கள் விமானங்களின் பாதைக்கு அருகில் நின்றன. 2009 செப்டம்பர் இறுதியில் அங்கிருந்து சிற்றலை ஒலிபரப்பு நின்றது, கோபுரங்கள் இறக்கப்பட்டன, புதிய விமான நிலையம் 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. விமான நிலையத்தை மட்டும் காரணமாகச் சொல்வது முழு உண்மையாகாது. அதற்குள் சிற்றலை நேயர் கூட்டமே உலகெங்கும் குறைந்துவிட்டது. வீட்டுக்கு வீடு பண்பலை வானொலியும் இணையமும் வந்துவிட்டன. கோபுரங்களை வேறிடத்தில் மீண்டும் எழுப்பும் செலவைத் தாங்கச் சபைகளிடம் கேட்பது நியாயமாக இருந்திருக்காது.

நிலையம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஈக்வடாருக்குள் ஸ்பானிய ஒலிபரப்பு உள்ளூர் நேயர்களுக்காகத் தொடர்ந்தது. ஆசியாவை நோக்கிய பணிக்காக, ஆஸ்திரேலியாவின் வடமேற்கிலுள்ள குனுனுரா என்னும் ஊரில் 2003இலேயே ஒரு சிற்றலை நிலையத்தைத் தொடங்கியிருந்தார்கள். இந்திய மொழிகள் சிலவும் அங்கிருந்து வந்தன. தாய் அமைப்பு 2014இல் ‘ரீச் பியாண்ட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, அந்தந்த நாட்டாரே தங்கள் ஊரில் சிறு வானொலி தொடங்குவதற்கு உதவுவதில் கவனம் செலுத்தியது. கொடுப்பவரும் கேட்பவரும் ஒரே ஊராராக இருக்கும் நிலைக்கு இது சற்று நெருக்கமானது என்பதால், இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

வாசகர், தூத்துக்குடி: என்னிடம் இதுபோன்ற வண்ண அட்டைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறை ஒட்டி வைக்கலாமா?

வேண்டாம். சூடாக்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறை அட்டையின் மையை மங்கச் செய்யும். பிறகு அதைப் பிரிக்கவும் முடியாது. அமிலமில்லாத தாளில் தனித்தனியாகச் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத மரப்பெட்டியிலோ தகரப்பெட்டியிலோ வையுங்கள். உப்புக் காற்று வீசும் ஊர் உங்களுடையது என்பதால் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வையுங்கள். இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள்; படமுள்ள பக்கத்தைவிட, அலைவரிசையும் தேதியும் தபால் முத்திரையும் உள்ள பக்கமே ஆய்வாளருக்குப் பயன்படும். தபால்தலையைக் கழற்றிவிடாதீர்கள். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழக நூலகம் இத்தகைய அட்டைகளின் பெரிய தொகுப்பு ஒன்றைப் பாதுகாத்துவருகிறது. உங்கள் தேதிப் பட்டியலை எனக்கு அனுப்பினால், 1970களுக்கு முந்தையவை எவையென்று பிரித்து எழுதுகிறேன். பாளையங்கோட்டை வாசகியும் தம் அட்டையிலுள்ள அலைவரிசை எண்ணை எழுதியனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.